குளிர் நாட்களில் உங்கள் பிராணி போதுமான தண்ணீர் குடிக்கிறதா? படிப்படியான வழிகாட்டி

வெயில் காலத்தில் நாய் மூச்சிரைத்தபடி கிண்ணத்தருகே வந்து நிற்கும். அதைப் பார்த்து நமக்கும் தண்ணீர் நினைவு வரும். குளிர் வந்துவிட்டால் அதுவும் கேட்பதில்லை, நாமும் கவனிப்பதில்லை. தாகம் குறைகிறதே தவிர உடம்பின் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டுபோகிறது. ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. சில்லிட்ட தண்ணீரைப் பல பிராணிகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

எங்கள் வீட்டு ஆண் பூனைக்குக் குளிர் மாதத்தில் சிறுநீர்ப் பிரச்சினை வந்தபோது, எவ்வளவு தண்ணீர் வேண்டும், எப்படி அளப்பது, மருத்துவரிடம் என்ன சொல்வது என்பதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. முதல்முறையாகப் பிராணி வளர்ப்பவர்கள் அந்த அலைச்சல் படக்கூடாது என்று இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பலரும் நேராகப் புதுக் கிண்ணம் வாங்கப் போகிறார்கள். அளக்காமல் எதை மாற்றினாலும், அது உதவியதா இல்லையா என்று தெரியவே தெரியாது.

1. முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

பிராணியின் எடை தெரிய வேண்டும். சிறிய பிராணி என்றால் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 60 மில்லி, பூனைக்கு 40 முதல் 60 மில்லி என்பது பொதுவான கணக்கு. 10 கிலோ நாய்க்கு 500 முதல் 600 மில்லி வரும். 4 கிலோ பூனைக்கு 200 மில்லியை ஒட்டி வரும். நிறைய ஓடும் நாய், பாலூட்டும் தாய், வயிற்றுப்போக்கு உள்ள பிராணி ஆகியவற்றுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இது மொத்தத் தண்ணீரின் கணக்கு. கிண்ணத்தில் குடிப்பது மட்டுமல்ல, உணவில் இருக்கும் ஈரமும் இதில் சேரும். உலர் உணவில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் தண்ணீர். டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம். மேலே சொன்ன 4 கிலோ பூனை ஒரு நாளில் 200 கிராம் ஈர உணவு சாப்பிட்டால் 150 மில்லிக்குக் குறையாமல் அதிலேயே கிடைத்துவிடும், கிண்ணத்தில் 50 மில்லி குடித்தால் போதும். அதே பூனை 50 கிராம் உலர் உணவு மட்டும் சாப்பிட்டால் உணவிலிருந்து கிடைப்பது வெறும் 5 மில்லி. ஆகவே "என் பூனை தண்ணீரே குடிப்பதில்லை" என்று பயப்படும் முன் அது என்ன சாப்பிடுகிறது என்று பாருங்கள்.

2. மூன்று நாள் அளவு எடுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும், ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. காலையில் ஒரே நேரத்தில் கிண்ணத்தைத் தண்ணீரோடு எடை போட்டு எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி எடை போடுங்கள். நடுவில் நிரப்பினால் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் அறையில் தண்ணீர் தானாகவே ஆவியாகும். அதனால் அதே அளவுள்ள இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதே அறையில் பிராணிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் குறைந்ததை முதல் கிண்ணத்தின் கணக்கிலிருந்து கழித்தால் உண்மையில் குடித்த அளவு கிடைக்கும். இந்தக் கழித்தலை விட்டுவிட்டால், குடிக்காத பிராணியைக் குடிப்பதாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவோம்.

ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். ஒரு நாள் அதிகமாகக் குடிக்கும், மறுநாள் குறைவாகக் குடிக்கும். மூன்று நாள் சராசரிதான் உங்கள் அடிப்படை அளவு. அளக்கும் மூன்று நாளும் உணவு, கிண்ணம், இடம் எதையும் மாற்றாதீர்கள். இரண்டு பிராணிகள் ஒரே கிண்ணத்தில் குடித்தால் மொத்தம்தான் தெரியும். முடிந்தால் அந்த நாட்களில் தனித்தனி அறையில் வையுங்கள்.

கூடவே சிறுநீரையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிப்படும் மணல் பயன்படுத்தும் வீட்டில் பூனையின் மணல் பெட்டியில் ஒரு நாளில் எத்தனை கட்டிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பது நல்ல அடையாளம். நாயின் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர் மஞ்சளாகி வாடை தூக்கினால் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். பூனையின் சிறுநீர் இயல்பாகவே அடர்த்தியானது. அதை நாயோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

3. உடம்பைத் தொட்டுப் பாருங்கள்

மேலுதட்டைத் தூக்கி ஈறில் விரல் வையுங்கள். வழுவழுப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. விரல் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் குறைகிறது. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலை மெல்ல இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குப் போக வேண்டும், கூடாரம் போல் நிற்கக்கூடாது.

தோல் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். உடல் எடையில் 5 சதவீதம் அளவுக்கு நீர் இழந்த பிறகுதான் தோலில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். வயதான, மெலிந்த பிராணிகளுக்கு நீர்ச்சத்து சரியாக இருந்தாலும் தோல் மெதுவாகத்தான் திரும்பும். பருத்த பிராணிகளில் நீர் குறைந்திருந்தாலும் உடனே திரும்பிவிடும். எடை மெஷின் இதைவிட முந்திச் சொல்லும். ஒரே நாளில் எடை சட்டென்று குறைந்தால் அது பெரும்பாலும் நீரிழப்புதான். 4 கிலோ பூனைக்கு 5 சதவீதம் என்பது 200 கிராம். குளிர் மாதங்களில் வாரம் ஒருமுறையும், உடம்பு சரியில்லாத நாட்களில் தினமும் எடை பாருங்கள். நல்ல நாளில் ஈறு எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் புரியும்.

4. கிண்ணமும் இடமும்

இங்கிருந்துதான் மாற்றங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதற்கு 3 நாள் அவகாசம், மறுபடி அளவு.

முதலில் இடம். நம்மைப் போலவே குளிரில் பிராணிகளும் கதகதப்பான மூலையை விட்டு எழுந்து வரத் தயங்கும். மூட்டுவலி உள்ள வயதான நாய்க்குப் பத்தடி நடப்பதே பெரிய வேலை. அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள், மாடி வீடென்றால் தளத்துக்கு ஒன்று. பூனைக்கு மணல் பெட்டிக்கு அருகே தண்ணீர் வைக்காதீர்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை ஒட்டியும் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். பல பூனைகள் இந்த ஒரு மாற்றத்திலேயே கூடுதலாகக் குடிக்கும்.

கிண்ணம் பீங்கானோ எவர்சில்வரோ நல்லது. பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். சில பூனைகளுக்குத் தாடையில் கரும்புள்ளிகள் வருவதற்கும் அது காரணமாகலாம். தண்ணீரை நாளுக்கு இரண்டு முறை மாற்றுங்கள், கிண்ணத்தைத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்து நன்றாக அலசுங்கள். "குளிர் காலம்தானே, தண்ணீர் கெடாது" என்று நேற்றைய தண்ணீரின் மேலேயே ஊற்றிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அடியில் வழவழவென்று படிந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தால் அது ஏன் குடிக்கவில்லை என்று புரிந்துவிடும்.

5. தண்ணீரின் சூடு

அறை வெப்பநிலையிலோ, கை வைத்தால் லேசான வெதுவெதுப்பிலோ இருந்தால் போதும். ஆவி பறக்கும் சூடு வேண்டாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, சாப்பிட்டு முடித்த கையோடு புதுத் தண்ணீர் வையுங்கள், பல பிராணிகள் குடிக்க வரும் நேரம் அது. இரவில் சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்பதற்காக மாலையோடு தண்ணீரை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

6. உணவு வழியாகத் தண்ணீர்

என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் பலன் தந்தது இதுதான், குறிப்பாகப் பூனைக்கு. பூனையின் மூதாதையர் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை, இரையின் உடலில் இருந்த ஈரத்தையே பெரிதும் நம்பியவை. தாகம் எடுத்துக் கிண்ணத்தைத் தேடிப் போகும் பழக்கம் அதற்கு இயல்பிலேயே குறைவு. அதைக் குடிக்கவைக்கப் போராடுவதைவிட, சாப்பிடுவதில் தண்ணீரைச் சேர்ப்பது எளிது.

உலர் உணவிலிருந்து ஈர உணவுக்கு மாற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் பங்கு என்று போங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், சேர்த்த தண்ணீரைவிட அதிகமாக வெளியேறிவிடும். பூனை புதிய உணவைத் தொடவே மறுத்தால் பசித்தால் சாப்பிடும் என்று பட்டினி போடாதீர்கள். சில நாட்கள் சாப்பிடாத பூனைக்கு, முக்கியமாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஈர உணவுக்கு முழுதாக மாற முடியாவிட்டால் உலர் உணவிலேயே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றலாம். முதல் நாள் ஒரு டீஸ்பூன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெதுவெதுப்பில் உணவின் மணம் எழும்புவதால் குளிர் நாளில் நாய்கள் விரும்பிச் சாப்பிடும். ஆனால் நனைத்த உணவு சீக்கிரம் கெடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துக் கொட்டிவிடுங்கள். நாள் முழுக்க உணவைத் தட்டில் விட்டுவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் வேளைக்கு வேளை வைக்கும் முறைக்கு மாற வேண்டியிருக்கும்.

வெறும் தண்ணீரில் கோழிக்கறியை வேகவைத்து, கொழுப்பை நீக்கி, ஆறிய சாற்றை உணவின் மேல் இரண்டு கரண்டி ஊற்றலாம். உப்பு வேண்டாம். வெங்காயம், பூண்டு இரண்டும் கண்டிப்பாகக் கூடாது, நாய் பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அவை சிதைக்கும். மனிதர்களுக்காக விற்கும் சூப் பொடியிலும் சூப் கட்டியிலும் இந்த மூன்றும் பெரும்பாலும் இருக்கும். லேபிளைப் படிக்காமல் தொடாதீர்கள்.

பால் தண்ணீருக்கு மாற்று அல்ல. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிறு போகும். தாகம் வரட்டும் என்று உணவில் உப்பைக் கூட்டுவது இதய, சிறுநீரகக் கோளாறு உள்ள பிராணிக்கு ஆபத்து. அடம்பிடிக்கும் பிராணியின் வாயில் சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். மருத்துவர் சொல்லி, அவரே செய்து காட்டியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

7. முயல், கினிப்பன்றி, பறவை, ஆமை

முயலுக்குக் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லி, கினிப்பன்றிக்கு 100 மில்லி அளவு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடைக்கு எடை பார்த்தால் நாய்க்குத் தேவையானதைவிட அதிகம். முயல்கள் தொங்கும் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கும். கவிழாத கனமான கிண்ணம் வையுங்கள், பாட்டிலையும் எடுக்காமல் விடுங்கள். பாட்டிலின் நுனியில் உள்ள குண்டு குளிரில் உறைந்துபோகும், சில நேரம் சும்மாவே அடைத்துக்கொள்ளும். பாட்டில் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாமல் தினமும் விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள். இலைகளைக் கழுவி ஈரத்தோடு கொடுக்கலாம். நீர் குறைந்தால் முயலின் குடல் இயக்கம் மந்தமாகிவிடும். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பறவைகளுக்குத் தண்ணீரை நாளுக்கு இருமுறை மாற்றுங்கள். விட்டமின் மருந்தைக் கலக்கினால் சுவை மாறிக் குடிக்காமல் விட்டுவிடும், தண்ணீரும் விரைவில் கெடும். குளிக்க வெதுவெதுப்பான தண்ணீரைப் பகலிலேயே வையுங்கள், இருட்டுவதற்குள் இறகு காய்ந்துவிட வேண்டும். நில ஆமைகளை அகலப் பாத்திரத்தில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடலாம். குளிர் உறக்கத்துக்குப் போகும் இனம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

8. வெளியே போகும்போது

குளிரில் நடக்கும் நாய் வியர்த்து வழிவதில்லை என்பதால் தண்ணீர் எடுத்துப் போகத் தோன்றாது. ஓடி விளையாடும் நாய் மூச்சு வழியாக நிறைய ஈரத்தை இழக்கிறது. அரை மணிக்கு மேல் வெளியே இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீரும் மடக்குக் கிண்ணமும் எடுத்துப் போங்கள். பனி விழும் இடங்களில், பனியைத் தின்றால் தாகம் தீரும் என்று விட்டுவிடக்கூடாது. அதில் கிடைக்கும் தண்ணீர் மிகக் குறைவு, உடம்பின் சூட்டையும் குறைக்கும்.

சாலையோரத்தில் தேங்கிய தண்ணீரை நக்க விடாதீர்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிப்பாக இருப்பதால் பிராணிகள் நக்கும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு டீஸ்பூன் போதும். நக்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தள்ளாடுவது, வாந்தி போன்ற அறிகுறிகள் வரும்வரை காத்திருந்தால் சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடும். பனி உருக்கப் போடும் உப்பையும் காலைக் கழுவித் துடைத்துவிடுங்கள், நக்கினால் வயிறு கெடும்.

வெளியிலேயே இருக்கும் பிராணிகளுக்குத் தண்ணீர் உறையும் குளிரில் ஆழமான கிண்ணம் நல்லது, அகலமானது சீக்கிரம் உறையும். உலோகக் கிண்ணம் அங்கே வேண்டாம், நாக்கு ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தில் சூடாகும் கிண்ணம் வைத்தால் வயரைக் கடிக்க முடியாதபடி உறை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

9. எதற்குச் செலவு செய்யலாம்

அளப்பதற்கும், கிண்ணத்தை இடம் மாற்றுவதற்கும், உணவில் தண்ணீர் சேர்ப்பதற்கும் செலவில்லை. இவற்றை இரண்டு வாரம் செய்து பார்க்கும் முன் எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தை ஈர உணவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அது தொடர்செலவு, உலர் உணவைவிட அதிகமாகும். கட்டுப்படியாகாவிட்டால் ஒரு வேளை மட்டும் ஈர உணவு கொடுங்கள், அதுவும் உதவும்.

நீரூற்றுக் கருவி கடைசியில்தான். ஓடும் தண்ணீரை விரும்பும் பூனைகளுக்கு அது நன்றாக வேலை செய்யும், சில பூனைகள் அதன் சத்தத்துக்கே பயந்து விலகும். வாங்கும் முன், குழாயை மெல்லத் திறந்துவிட்டு உங்கள் பூனை வருகிறதா என்று பாருங்கள். வாங்கியதோடு செலவு முடியாது. ஃபில்டரைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில், பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வாரம் ஒருமுறை பம்பைக் கழற்றிக் கழுவ வேண்டும். மின்சாரம் போனால் நின்றுவிடும், ஆகவே பக்கத்தில் சாதாரணக் கிண்ணமும் இருக்கட்டும்.

10. மருத்துவரிடம் எப்போது, என்னென்ன எடுத்துப் போவது

ஆண் பூனை மணல் பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, கத்தி, ஒரு சொட்டோ ஒன்றுமே இல்லாமலோ திரும்பினால் அந்த நிமிடமே கிளம்புங்கள். மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்ப்பது பலரும் விழும் பள்ளம். சிறுநீர்ப் பாதை அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் அவசரப் பிரிவைத் தேடுங்கள். அந்த முகவரியும் எண்ணும் இப்போதே உங்கள் ஃபோனில் இருக்கட்டும்.

ஈறு ஒட்டுவதோடு சோர்ந்து படுத்திருந்தால், கண் குழிவிழுந்திருந்தால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால் அன்றே காட்டுங்கள். குட்டிகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகும். அவற்றை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

திடீரென்று அதிகமாகக் குடிப்பதும் எச்சரிக்கைதான். குளிரில் நன்றாகக் குடிக்கிறதே என்று மகிழ்ந்து விட்டுவிடாதீர்கள். நாய் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேலும், பூனை கிண்ணத்திலிருந்து மட்டும் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேலும் தொடர்ந்து குடித்தால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் போன்றவற்றுக்குப் பரிசோதிக்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம், அதுவும் அவசரம். ஸ்டீராய்டு, நீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்துவருகிறீர்கள் என்றால் அதனாலும் தாகம் கூடும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல், தண்ணீரையும் குறைக்காமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு, எடைக் குறிப்பு, சிறுநீர் கட்டிகளின் எண்ணிக்கை, உணவு பாக்கெட்டின் லேபிளை எடுத்த படம், கொடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், தடுப்பூசிப் புத்தகம், முன்பு எடுத்த இரத்த, சிறுநீர் அறிக்கைகள். காப்பீடு இருந்தால் அதன் ஆவணமும். அதில் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்குமா என்ற பகுதியைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். சிறுநீர் பிடித்துக் கொண்டு போகிறீர்கள் என்றால் சுத்தமான, காய்ந்த டப்பாவில், நேரத்தை எழுதி, முடிந்தவரை அன்று காலையில் பிடித்ததாக எடுத்துப் போங்கள்.

மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றலாம், நரம்பில் ஏற்ற ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லலாம், இரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லலாம். எது இன்றே அவசியம், எது இரண்டு நாள் பொறுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று தயங்காமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோலுக்கடியில் ஏற்றினால் அந்த இடம் வீங்கினாற்போலத் தொங்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். வீட்டுக்கு வந்த அன்றே மறுபடி எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள், அடுத்த மூன்று நாள் அளவை மறுநாள் காலையில் தொடங்குங்கள்.